கே.பி. சுந்தராம்பாள் நடித்த படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுந்தராம்பாள் பாட்டு நிறையக் கேட்டாயிற்று, படம் ஒன்றும் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

1965-ல் வந்த 'திருவிளையாடல்'. ஆனால் அவருக்காகவே முழுப் படத்தையும் பார்க்க உட்கார்ந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தப் படம் நான்கு திருவிளையாடல்களின் தொகுப்பு. சுந்தராம்பாள் ஔவையாராக வருவது அவற்றைச் சுற்றிக் கட்டிய வெளிக்கதையில் மட்டும்தான். பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறி நிற்கும் முருகனைச் சமாதானம் செய்ய ஔவை பாடும் "பழம் நீயப்பா" காட்சியை முதலில் பாருங்கள். பிறகு படத்தின் கடைசிப் பகுதிக்குப் போய் "ஒன்றானவன் உருவில் இரண்டானவன்" பாட்டைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு தடவை கண்ணால் பாருங்கள், அடுத்த தடவை திரையை மூடிவிட்டுக் கேளுங்கள். முதல் தடவை ஒரு வயதான அம்மாள் நின்ற இடத்தில் நின்று கையை நீட்டிப் பாடுவதாகத்தான் தெரியும். இரண்டாவது தடவை அதே பாட்டில் கெஞ்சலும் கொஞ்சலும் கண்டிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். அவருடைய நடிப்பு எங்கே இருக்கிறது என்பது அப்போது பிடிபடும்.

அதற்கு அடுத்து?

'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'காரைக்கால் அம்மையார்' (1973). இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. 44 வயதிலும் 55 வயதிலும் 64 வயதிலும் அந்தக் குரல் எப்படி இருந்தது என்பது கூடவே தெரிந்துவிடும். இவற்றைப் பார்த்த பிறகு 'கந்தன் கருணை' (1967), 'துணைவன்' (1969) இரண்டையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம்.

மேடையில் அவ்வளவு பெரிய நட்சத்திரம். சினிமாவில் ஏன் கதாநாயகியாக வரவே இல்லை?

சுந்தராம்பாள் 1908-ல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். இலங்கையில் நாடகம் நடத்தப் போன காலத்தில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார், அங்கிருந்து தொடங்கியது இருவரின் மேடைப் புகழ். பின்பு திருமணமும் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைப் புடவை. எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு எடுத்தார், கடைசி வரை அதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய படப் பட்டியலை இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 'நந்தனா'ரில் (1935) நந்தனாராக ஆண் வேடம். 'மணிமேகலை'யில் (1940) பௌத்தத் துறவி. பிறகு ஔவைக் கிழவி, சமணத் துறவி கவுந்தியடிகள், பேயுருவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார். காதல் வசனம் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத பாத்திரங்கள். வேறு யாராக இருந்தாலும் வாய்ப்பே இல்லாமல் போயிருக்கும். இவருக்காகத் துறவியையும் கிழவியையும் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

கிட்டப்பா நடித்த படம் உண்டா என்று சிலர் தேடுகிறார்கள். கிடையாது. தமிழில் பேசும்படம் வந்தது 1931-ல். அவர் குரல் இசைத்தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

'நந்தனார்' என்று தேடினால் படம் கிடைக்கிறதே. அது இவருடையதுதானா?

இல்லை. அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. அதில் நந்தனாராக வருபவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். சுந்தராம்பாள் நடித்தது 1935-ல் மாணிக்லால் டாண்டன் இயக்கிய படம். அதில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர், கர்நாடக இசையின் பெரிய வித்வான். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் 1 லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கல்கியும் ஆனந்த விகடனில் கடுமையாக எழுதினார்.

தொடக்ககாலப் பேசும்படங்களில் பின்னணிப் பாடல் முறை கிடையாது. காமிரா ஓடும்போதே நடிகர் பாட வேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் காட்சிக்குள் தெரியாமல் ஒதுங்கி உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பினால் குரல் தேய்ந்துவிடும். மேடையில் சுதந்திரமாக நடந்துகொண்டு பாடியவர்களை இது கட்டிப்போட்டது. அந்தக் காலப் படங்களில் பாடகர்கள் மரம்போல் நிற்கக் காரணம் பாதி இதுதான்.

'ஔவையார்' ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

எஸ்.எஸ். வாசன் ஜெமினிக்காகத் தயாரித்தார், இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. 1953 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. ஒரு பெண், அதுவும் கிழவி, காதலோ ஜோடியோ இல்லாமல் படம் முழுவதையும் தோளில் சுமக்கிறார். அந்த அளவுச் செலவில் அப்படி ஒரு படம் எடுக்க அன்று வேறு யாரும் துணியவில்லை.

சிறுமி ஔவையாகச் சச்சுவும், இளம்பெண் ஔவையாகக் குசலகுமாரியும் வருகிறார்கள். கல்யாண ஏற்பாடு நெருங்கும்போது, இந்த இளமையை எடுத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் வேண்டி அவள் கிழவியாகிறாள். சுந்தராம்பாள் வருவது அங்கேதான். இந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள். இளமையைக் கேட்டுப் பெற்ற கதைகள் நிறைய உண்டு, முதுமையைக் கேட்டுப் பெற்றவள் ஔவை. 25 வயதில் வெள்ளைப் புடவை உடுத்திய ஒருவர் அந்த வேடத்தில் வந்து நிற்கும்போது, அன்றைய ஜனங்கள் பாத்திரத்தையும் அவரையும் பிரித்துப் பார்க்கவில்லை.

பாட்டு நிறைய உள்ள படம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் சலித்துவிடும். "வேழ முகத்து" பாட்டையும் "பொறுமை என்னும் நகையணிந்து" பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முன்னது சாமியிடம் பேசுவது, பின்னது பெண்களுக்குப் புத்தி சொல்வது. சாமியிடம் பேசும்போது குரலைத் திறந்துவிடுகிறார். புத்தி சொல்லும்போது சங்கதிகளை (ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவதை) குறைத்துச் சொல்லை முன்னால் நிறுத்துகிறார், பக்கத்து வீட்டுப் பாட்டி பேசுவதுபோல. பாரி மகளிரை மீட்க யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சி புகழ்பெற்றது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் அது ஜெமினியின் சாதனை.

தேடும்போது 'ஔவையார்', 'அவ்வையார்' என்று இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஒன்றில் வராத பிரதி மற்றதில் வரும்.

அவர் நடிப்பதாகவே தெரியவில்லையே? முகத்தில் பெரிய மாற்றம் இல்லை, கைதான் அசைகிறது.

இது நியாயமான கேள்வி. அவர் கற்ற பாடம் என்ன என்று தெரிந்தால் பதில் கிடைக்கும்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடக மேடை அது. கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டும். முகத்தை அங்கிருந்து யாரும் பார்க்க முடியாது. ஆகவே அழுகை, கோபம், கெஞ்சல் எல்லாம் குரலிலேயே செய்தாக வேண்டும். உடம்பின் வேலை மூச்சுக்கு இடம் கொடுத்து நிமிர்ந்து நிற்பது. சினிமாவுக்கு வந்த பிறகும் சுந்தராம்பாள் இந்த முறையை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொண்டிருந்தால் நூற்றோடு நூற்றொன்றாகப் போயிருப்பார்.

கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, பாட்டுக்கு முன்னால் வரும் விருத்தம். தாளம் இல்லாததால் எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது முழுக்க அவர் கையில். வரியின் கருத்து எந்தச் சொல்லில் இருக்கிறதோ அங்கே நிற்பார், மற்றச் சொற்களைப் பேச்சு வேகத்தில் தள்ளிக்கொண்டு போவார். இரண்டு, பேச்சிலிருந்து பாட்டுக்கு மாறும் நொடி. அவருடைய பேச்சே பாதிச் சுருதியில் இருப்பதால் தையல் தெரியாது. மற்ற நடிகர்களிடம் வசனம் நின்று, ஒரு இடைவெளி விட்டு, பின்னணிக் குரல் தொடங்குவது பளிச்சென்று தெரியும். மூன்று, எழுத்துச் சுத்தம். 'பழம்' என்பதில் ழகரம் நாக்கு மடிந்து முழுசாக வரும். உச்சஸ்தாயியில் பாடும்போது பெரும்பாலோர் மெய்யெழுத்தை விழுங்கிவிடுவார்கள். இவர் விழுங்குவதில்லை.

நடிகையாக மட்டும் பார்த்தால் எது சிறந்தது?

'பூம்புகார்'. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மு. கருணாநிதி திரைக்கதை வசனம், ப. நீலகண்டன் இயக்கம், ஆர். சுதர்சனம் இசை. கோவலன் எஸ்.எஸ். ராஜேந்திரன், கண்ணகி விஜயகுமாரி. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் புகாரிலிருந்து மதுரை வரை அந்தத் தம்பதிக்கு வழித்துணை. மாதரி என்ற இடையர் குலப் பெண்ணிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறார், கோவலன் கொலையுண்ட சேதி தெரிந்து உண்ணாமல் உயிர் விடுகிறார். முக்கியப் பாத்திரம், ஆனால் எதையும் தடுக்க முடியாத பாத்திரம். கவுந்தியாக வரும் சுந்தராம்பாள் இங்கே பக்தை அல்ல, கூப்பிட்டால் வரும் சாமியும் கதையில் கிடையாது. ஔவையிடம் இருக்கும் அதிகாரம் கவுந்தியிடம் இல்லை. அதனால் முதல் தடவையாக ஒரு கையாலாகாத துக்கத்தை அவர் நடிக்க வேண்டியிருக்கிறது.

கருணாநிதி எழுதிய "வாழ்க்கை என்னும் ஓடம்" பாட்டில் அவருக்குப் பழக்கமான உச்சஸ்தாயி வீச்சுக் குறைவு. நிதானமான நடை. வழக்கமாக அவரைச் சத்தமான குரல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நாங்கள் முதலில் போட்டுக் காட்டச் சொல்வது இதைத்தான். "அன்று கொல்லும்" என்று தொடங்கும் பாட்டு இதற்கு நேர் எதிர். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்ற பழமொழியைத் திருப்பிப் பிடித்து, அந்தத் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிறது. வாழ்நாள் முழுவதும் முருகனைப் பாடிய குரல் அந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு கனம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் 1942-ல் வந்த 'கண்ணகி'யையும் பாருங்கள். அதில் கவுந்தியாக வருபவர் யு.ஆர். ஜீவரத்தினம், அவரும் நாடக மேடைப் பாடகிதான்.

'திருவிளையாடல்' ஔவையும் 'கந்தன் கருணை' ஔவையும் ஒன்றுதானே?

இயக்குநர் ஏ.பி. நாகராஜன், இசை கே.வி. மகாதேவன், வேடமும் ஏறக்குறைய அதே. வேறுபாடு பாட்டின் வேலையில் இருக்கிறது. 'திருவிளையாட'லில் ஔவை கெஞ்சுகிறாள். 'கந்தன் கருணை'யில் முருகன் அரியது எது, கொடியது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்க, ஔவை பதில் சொல்கிறாள். ஔவையாரின் தனிப்பாடலை ஒட்டியது. கேள்விக்குக் கேள்வி பதிலின் தொனி மாறுவதைக் கவனியுங்கள். கொடியதைச் சொல்லும்போது குரல் இறங்கும், பெரியதைச் சொல்லும்போது விரியும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பாட்டு நினைவுக்கு வந்துவிடும்.

தேசிய விருது எந்தப் படத்துக்கு?

'துணைவன்'. 1969-ம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி விருது. அந்த விருது அதற்கு முந்தைய ஆண்டுதான் பி. சுசீலாவோடு தொடங்கியது, சுந்தராம்பாள் இரண்டாமவர். 1970-ல் பத்மஸ்ரீ.

'துணைவன்' தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரின் முருகன் படம், இயக்கம் எம்.ஏ. திருமுகம். பாட்டுக்காகப் பார்க்கலாம். நடிக்க அவருக்கு அதில் பெரிதாக இடம் இல்லை.

அவர் குரலுக்கு வேறு யாரும் ஆடியிருக்கிறார்களா?

'காரைக்கால் அம்மையா'ரில் "தகதகதகவென ஆடவா" பாட்டு. சிவனாகச் சிவகுமார், பார்வதியாக ஸ்ரீவித்யா ஆட, குரல் சுந்தராம்பாள். இசை குன்னக்குடி வைத்தியநாதன். இளமைப் புனிதவதியாக லட்சுமி, பேயுரு பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாள். அம்மையார் ஆலங்காட்டில் இறைவன் ஆடப் பாடிக்கொண்டிருப்பவர் என்பதுதான் பெரியபுராணம் சொல்வது, ஆகவே இந்தப் பாட்டு கதையோடு ஒட்டியே நிற்கிறது. அறுபதைத் தாண்டிய வயதில் ஜதிபோன்ற அடுக்குச் சொற்களை அந்த வேகத்தில் மூச்சு உடையாமல் பாடுகிறார். மூச்சு எடுக்கும் இடங்களை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

'மகாகவி காளிதாஸ்'?

1966 படம். "சென்று வா மகனே" பாட்டு ஒன்று போதும்.

என்னிடம் உள்ள பிரதியில் குரல் கீச்சென்று, அவசரமாகக் கேட்கிறது. அவர் குரலே அப்படியா?

இல்லை. அவருடைய குரல் மெல்லியது என்றும் கீச்சுக் குரல் என்றும் பலர் முடிவு கட்டுவது தவறான பிரதியைக் கேட்டுத்தான்.

சினிமா ஒரு விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். நம் நாட்டு டிவி, விசிடி, டிவிடி முறை 25 சட்டம். பழைய பிரதிகளை மாற்றும்போது பல இடங்களில் அப்படியே 25-ல் ஓடவிட்டார்கள். வேகம் சுமார் 4 சதவீதம் கூடும், சுருதி ஒரு அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறும். 5 கட்டையில் (கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு) பாடியது ஏறக்குறைய 5½ கட்டைபோல் கேட்கும். ஏற்கெனவே உச்சத்தில் பாடுகிறவருக்கு இந்த ஏற்றம் குரலைச் சன்னமாக்கிவிடும்.

சரிசெய்யும் விதம்: கோப்பு கையில் இருந்தால் விஎல்சி பிளேயரில் திறந்து வேகத்தை 0.96 ஆக வையுங்கள். வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ளும் வசதி அதன் ஆடியோ அமைப்பில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தினால்தான் சுருதி இறங்கும். யூடியூபில் வேகத்தைக் குறைத்துப் பயனில்லை, அங்கே சுருதி அப்படியே நிற்கும். பிரதி ஏறியதா என்று அறிய ஒரு தம்புரா செயலியைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். பாட்டு எந்தக் கட்டைக்கும் பொருந்தாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றால் சந்தேகப்படலாம். இதுவே முடிவான சான்று அல்ல, பழைய ஆர்மோனிய சுருதிகளும் முன்பின் இருக்கும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளைக் கடிகாரம் வைத்து அளப்பதே உறுதி. ஒன்று 5 நிமிடம், மற்றது 4 நிமிடம் 48 விநாடி என்றால் விடை கிடைத்துவிட்டது.

படம் அகலமாக இழுபட்டிருந்தால் திரை விகிதத்தை 4:3 ஆக மாற்றுங்கள். ஔவையின் முகம் உருண்டையாகத் தெரிவது இதனால்தான்.

"பழம் நீயப்பா" பாடக் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தவறும்?

பல்லவி காம்போதி ராகம். ஏறும்போது ஸ ரி க ம ப த ஸ, நிஷாதம் (நி) இல்லை. இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. ஏற்றத்தில் நிஷாதத்தைத் தொட்டால் ஹரிகாம்போதி வாடை வந்துவிடும், ஆரம்பநிலை மாணவர்களிடம் அதிகம் கேட்கும் பிழை இது.

அடுத்த பிழை சுருதி. சுந்தராம்பாள் பாடிய அதே சுருதியில் தொடங்கினால் பாதியில் தொண்டை கட்டும். பாட்டின் உச்ச இடத்தை முதலில் பாடிப் பாருங்கள், அது இறுக்கமில்லாமல் வரும் கட்டையைப் பிடியுங்கள். கேட்க இறங்கித் தெரிந்தாலும் பரவாயில்லை.

பிறகு பிருகா, அதாவது சுரங்களை வேகமாக உருட்டிப் பாடுவது. மாணவர்கள் பிருகாவை முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவருடைய பிருகா சொல் முடிந்த பிறகு வருவது, சொல்லை உடைத்துக்கொண்டு வருவது இல்லை. ஒரு வாரம் பிருகாவே இல்லாமல், வரியைப் பேசுவதுபோலப் பாடுங்கள். 'அப்பா' என்று கூப்பிடும் இடம் கோபித்துக்கொண்ட பிள்ளையை அழைப்பதாகக் காதில் விழுந்த பிறகு சங்கதிகளைச் சேர்க்கலாம்.

இசைத்தட்டுகளைக் கேட்டால் போதாதா, படம் எதற்கு?

78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் 3 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிய முடியும். அதற்குள் விருத்தமும் பாட்டும் முடிந்தாக வேண்டும், அவசரம் தெரியும். படத்தில் அந்த நெருக்கடி குறைவு. அவர் நின்று நிதானித்துப் பாடும் விருத்தங்களைப் படங்களில்தான் தேட வேண்டும்.